கணக்கு உதைக்கும் இடம்

'போரும் வாழ்வும்' நாவலை முழுசாகப் படித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் எல்லோருக்கும் அதன் சில காட்சிகள் தெரிந்திருக்கும். ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் அடிபட்டு மல்லாந்து கிடக்கும் இளவரசர் ஆந்த்ரேய் அண்ணாந்து பார்க்கும் வானம். நதாஷாவின் முதல் நடனம். வெள்ளைத் தொப்பியும் பச்சைக் கோட்டுமாக போரோடினோ போர்க்களத்துக்குள் வேடிக்கை பார்க்கப் போய் நிற்கும் பியர். இலக்கியக் கூட்டத்தில் டால்ஸ்டாய் பேச்சு வந்தால் இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் வரும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றி இல்லை. போரோடினோவுக்குச் சற்று முன்னால், போகுச்சாரோவோ என்கிற ஊரில் நடக்கும் ஒரு சின்னச் சம்பவத்தைப் பற்றியது. முதல் தடவை படித்தபோது அதை ஒரு காதல் காட்சி என்று நினைத்துக் கடந்து போனவன் நான்.

சம்பவம் இதுதான். 1812 ஆகஸ்ட். நெப்போலியன் படை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பக்கவாதத்தில் விழுந்த முதிய இளவரசர் பல்கோன்ஸ்கி, மகனுடைய பண்ணையான போகுச்சாரோவோவில் இறந்துபோகிறார். மகள் மரியா தனியாக நிற்கிறாள். அங்கிருந்து கிளம்ப அவளுக்கு வண்டியும் குதிரையும் வேண்டும். பண்ணையடிமைகளான குடியானவர்கள் தர மாட்டோம் என்கிறார்கள். மரியா நல்லவள். "களஞ்சியத்தில் இருக்கும் தானியம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள், என்னோடு வாருங்கள், இருக்க இடமும் தருகிறேன்" என்கிற மாதிரி கூட்டத்தில் பேசுகிறாள். கூட்டம் தானியத்தையும் வேண்டாம் என்கிறது. அதை வாங்கினால் வீடு வாசலை விட்டு அவள் பின்னால் போய் வேறொரு இடத்தில் அடிமையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். குதிரைகளையும் அவிழ்க்க விடுவதில்லை.

அப்போது குதிரைகளுக்கு வைக்கோல் தேடி அந்தப் பக்கம் வருகிறான் படை அதிகாரி நிகோலாய் ரோஸ்டோவ். இளம்பெண் ஒருத்தி அழுதுகொண்டு நிற்பதைப் பார்க்கிறான். ரத்தம் கொதிக்கிறது. நேராகக் கூட்டத்துக்குள் போய், எதிர்த்துப் பேசிய ஒருவன் சட்டையைப் பிடித்து, தொப்பி பறந்து விழும்படி முகத்தில் ஓர் அறை விடுகிறான். அவனையும் ஊர்த் தலைவன் துரோனையும் கட்டிப்போடச் சொல்கிறான். இரண்டு மணி நேரத்தில் அதே ஆட்கள் மரியாவின் சாமான்களைப் பதவிசாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நிகோலாய்க்கும் மரியாவுக்கும் நடுவே பின்னால் கல்யாணத்தில் முடியப்போகும் ஒரு ஈர்ப்பு தொடங்குகிறது.

நான் முதலில் இதைப் படித்தது 2020-இல், ஆங்கில மொழிபெயர்ப்பில். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் மொத்தமும் வீட்டுக்குள் இருந்த 'சர்க்யூட் பிரேக்கர்' காலம். பல்கலைக்கழகம் முடித்து ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த அறை விழுந்த இடத்தில் நான் மனசுக்குள் விசில் அடித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹீரோ வந்துட்டான்!

பல மாதம் கழித்து, சைட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். கொள்கலன் அலுவலகத்தில் மேசை மேல் கிடந்த புத்தகத்தைக் கம்பி கட்டும் அண்ணன் ஒருவர் பார்த்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். "என்ன சார், செங்கல் கணக்கா இருக்கு?" என்றார். கதை கேட்டார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் உள்ள நாவலின் கதையை எப்படிச் சொல்வது? நான் இந்தச் சம்பவத்தைச் சொன்னேன், சினிமா மாதிரி இருக்கும் என்று. கவனமாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அறை வாங்குனவன் பேரு என்ன சார்?"

எனக்கு ஞாபகம் இல்லை. நிகோலாய் பேர் தெரியும், அவன் கூட வந்தவன் பேர்கூடத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தேடினேன். கார்ப். மறுநாள் சொன்னேன். "கார்ப்பா? நம்ம ஊரு கருப்பு மாதிரி இருக்கே" என்று சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அது சிரிப்போடு முடியவில்லை. அந்தப் பேரைத் தேடி மறுபடி படித்தபோதுதான் இந்த நாவலின் மையக் கருத்தே அந்த இடத்தில் இடறுகிறது என்று தோன்றியது.

2

அந்தக் கருத்து என்ன என்று முதலில் பார்ப்போம். டால்ஸ்டாய் 1865-இலிருந்து பத்திரிகையில் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கி 1869-இல் முடித்த நாவல் இது. எழுதியவர் செவஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர். போர் என்றால் என்ன என்று கேள்விப்பட்டு எழுதவில்லை. ஷெங்கிராபென் சண்டையில் நிகோலாய் குதிரையிலிருந்து விழுந்து, எதிரிகள் ஓடி வருவதைப் பார்த்து, 'எல்லோருக்கும் பிடித்த என்னையா கொல்ல வருகிறார்கள்?' என்று திகைத்து, கைத்துப்பாக்கியை அவர்கள் மேல் வீசிவிட்டு முயல் மாதிரி ஓடுகிறானே, அதைச் சண்டையைப் பார்த்தவர்தான் எழுத முடியும். பின்னால் அதே நிகோலாய் நண்பர்களிடம் அந்தச் சண்டையை விவரிக்கிறான். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் கேட்பவர்கள் எதிர்பார்க்கிற மாதிரியே வாய் தானாகப் பேசிக்கொண்டு போகிறது. கடைசியில் அது வீரக்கதையாகிவிடுகிறது. வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

போர்க்களத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. தளபதியின் கட்டளை போய்ச் சேர்வதற்குள் நிலைமை மாறிவிடும். ஆஸ்டர்லிட்ஸுக்கு முந்தின இரவு ஜெனரல்கள் திட்டத்தைப் படிக்கும்போது குதுசோவ் தூங்குகிறார். துஷின் என்கிற எளிய பீரங்கி அதிகாரி, தன்னைப் பின்வாங்கச் சொன்னதுகூடத் தெரியாமல், நாலு பீரங்கியோடு நின்று ஒரு படையையே காப்பாற்றுகிறார். நெப்போலியன் வண்டிக்குள் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே வண்டி ஓட்டுவதாக நினைக்கும் குழந்தை. அப்படியென்றால் வரலாற்றை நகர்த்துவது யார்? எண்ணற்ற சாதாரண மனிதர்களின் எண்ணற்ற சின்னச் சின்ன விருப்பங்கள் என்கிறார் டால்ஸ்டாய்.

அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நுண்கணிதம். மூன்றாம் புத்தகத்தில் ஓர் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, அகிலீஸ் ஆமையைத் துரத்தும் பழைய புதிரிலிருந்து தொடங்குகிறார். தொடர்ந்து நிகழும் இயக்கத்தை நம் வசதிக்குத் துண்டு துண்டாக வெட்டுவதால்தான் தப்பு வருகிறது. மிக நுண்ணிய அலகை எடுத்து, அவற்றைத் தொகையீடு செய்யத் தெரிந்தால்தான் வரலாற்றின் விதி பிடிபடும். அந்த நுண்ணிய அலகு மனிதர்களின் நாட்டம்.

பொறியியல் படித்தவனுக்கு இது தேன். இந்த இடத்தைத் தாண்டி ஓடுங்கள், இது கதை இல்லை, பிரசங்கம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. எனக்கு நேர்மாறு. ராஜா, தளபதி, தலைவர் என்று பாடப் புத்தகம் ஒப்பித்ததையெல்லாம் ஒருவர் கணக்குப் போட்டுத் தூக்கி எறிகிறார் என்று குதித்தேன். ஆனால் இரண்டாவது வாசிப்பில் ஒரு சொல் தடுக்கியது. எல்லா நாட்டங்களையும் அவர் சொல்லவில்லை. ஒரே தன்மையுள்ள நாட்டங்கள் என்கிறார். கணக்கில் அது சரி. மீட்டரையும் கிலோவையும் கூட்ட முடியாது. ஆனால் மனிதர்களிடம் எது ஒரே தன்மை, எது இல்லை என்று முடிவு செய்வது யார்?

3

இதற்கு நாவலுக்குள்ளேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, மாஸ்கோவை விட்டு முன்கூட்டியே கிளம்பிப் போகும் ஒரு சீமாட்டி. தன் வேலையாட்கள், கோமாளிகளோடு மூட்டை கட்டிக்கொண்டு தூரத்து ஊருக்குப் போகிறாள். நெப்போலியனுக்கு அடிமையாக இருக்கக் கூடாது என்று ஏதோ மங்கலாக ஓர் எண்ணம், அவ்வளவுதான். இப்படிக் கிளம்பியவர்கள்தான் ரஷ்யாவைக் காப்பாற்றிய மாபெரும் காரியத்தைச் செய்தார்கள் என்கிறார் டால்ஸ்டாய். காலியான மரத்தாலான நகரம் எரிந்தது, நெப்போலியன் தோற்றான். சரி, ஒத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பிரெஞ்சுக்காரர்களுக்கு நல்ல விலைக்கு வைக்கோல் விற்காமல் அதை எரித்த குடியானவர்கள். அவர்களை டால்ஸ்டாய் புகழ்ந்து தூக்கிவைப்பதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போனதும் வண்டி கட்டிக்கொண்டு மாஸ்கோவைக் கொள்ளையடிக்க வந்தவர்களும் அவர்கள்தான் என்று நேர்மையாகச் சொல்கிறார். இருந்தாலும் அவர்கள் எரித்த வைக்கோல் கூட்டலில் சேர்கிறது. அந்த இடத்தில் அவர் பொதுப்பெயராக இரண்டு பெயர்களைப் போடுகிறார், நாம் ராமசாமி, குப்புசாமி என்போமே அந்த மாதிரி. ஒன்று விலாஸ். இன்னொன்று கார்ப்!

வைக்கோலை எரித்த கார்ப் வரலாற்றின் உந்துசக்தி. குதிரையைத் தர மறுத்த கார்ப் வெறும் கலகக்காரன். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். தன் கையில் இருக்கும் சின்ன விஷயத்தைப் பெரிய ஆளுக்குத் தர மறுக்கிறார்கள். மறுக்கப்பட்ட ஆள் அந்நியன் என்றால் கூட்டல். எஜமானி என்றால் ஓர் அறை. 1812 மக்களின் போர் என்று நாவல் சொல்கிறது. அந்த மக்களில் பெரும்பாலோர் விற்கவும் வாங்கவும் கூடிய பண்ணையடிமைகள். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-இல். டால்ஸ்டாய் இதை எழுத உட்காரும்போது அது பழைய கதைகூட இல்லை, சமீபத்துச் செய்தி.

தலைப்பையே பாருங்கள். ரஷ்ய மொழியில் 'மிர்' என்றால் அமைதி. அதே ஒலியில் இன்னொரு 'மிர்' இருக்கிறது. அதற்கு உலகம் என்று பொருள். குடியானவர்களின் ஊர்க்கூட்டமைப்புக்கும் அதே பெயர்தான். பழைய எழுத்துமுறையில் இரண்டுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். டால்ஸ்டாயின் தலைப்பில் இருப்பது அமைதி. போகுச்சாரோவோவில் கூடி நின்று 'மாட்டோம்' என்றது அந்த இன்னொரு மிர். இதனால்தான் டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் 'போரும் வாழ்வும்' என்று வைத்த தலைப்பு எனக்குப் பிடிக்கிறது. அமைதி என்ற சொல்லைவிட வாழ்வில் இடம் அதிகம்.

மொழி விஷயத்திலும் இதே பிளவு. நாவல் 1805-இல், சீமாட்டி ஒருத்தியின் வரவேற்பறையில், பிரெஞ்சுப் பேச்சோடு தொடங்குகிறது. மேல்தட்டின் மொழி அது. 1812-இல் நெப்போலியன் வந்ததும் அதே ஆட்கள் பிரெஞ்சுச் சொல் ஒன்றுக்கு இவ்வளவு அபராதம் என்று விளையாடுகிறார்கள். தேசப்பற்று! ரஷ்ய மொழி மட்டுமே தெரிந்த ஆட்கள் பக்கத்து அறையில் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தமிழ் மொழி விழா மேடையில் ஆங்கிலம் கலக்காமல் ஐந்து நிமிடம் பேசும் போட்டியை நாமும் பார்த்திருக்கிறோம்தானே.

அப்படியானால் டால்ஸ்டாய் கண்ணை மூடிக்கொண்டாரா? இல்லை, இங்கேதான் அவர் பெரிய எழுத்தாளர் என்று நினைக்கிறேன். நாவலின் முடிவுரையில் நிகோலாய் நல்ல பண்ணையாராகிவிட்டான், மரியா மனைவி. அவனுக்குக் கோபம் வந்தால் கை நீளும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒருநாள் ஓர் ஊர்த் தலைவனை அடிக்கிறான். மரியா அழுகிறாள். அவன் வெட்கப்படுகிறான். அடித்ததில் விரலில் இருந்த மோதிரத்தின் கல் உடைந்துபோகிறது. இனி அடிக்கத் தோன்றினால் இதைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அப்படியும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மறந்துவிடுகிறது. அந்த அடி வாங்கிய தலைவன் எந்த ஊர்க்காரன் தெரியுமா? போகுச்சாரோவோ. துரோனுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவன். நூற்றுக்கணக்கான பக்கம் தாண்டி அதே ஊருக்கு, அதே கைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் கதைக்கு இல்லை. கோட்பாட்டாளர் டால்ஸ்டாய் கணக்கை முடித்துவிட்டார். நாவலாசிரியர் டால்ஸ்டாய்க்கு அது உதைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

4

சரி, இதை ஏன் சிராங்கூன் சாலையில் உட்கார்ந்துகொண்டு யோசிக்க வேண்டும்? காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. தேக்காவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஃபேரர் பார்க். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் சிங்கப்பூரை ஜப்பானிடம் ஒப்படைத்தது. இரண்டு நாள் கழித்து, 17-ஆம் தேதி, பிரிட்டிஷ் இந்தியப் படையின் 40,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் ஃபேரர் பார்க்கில் கூட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். புஜிவாரா அவர்களைக் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். ஒரே பகலில் ஒரு படை மூன்று கை மாறியது. டால்ஸ்டாய் எழுத வேண்டிய காட்சி.

அடுத்த ஆண்டு சுபாஷ் சந்திர போஸ் வந்தார். 1943 ஜூலை 5 அன்று பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அக்டோபர் 21-இல் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். நம் வீடுகளில் இன்னும் அவர் படம் மாட்டியிருக்கும். அந்தப் படத்தின் முன்னால் நின்று, நெப்போலியன் வண்டிக்குள் கயிறு பிடித்த குழந்தை என்ற டால்ஸ்டாயின் வரியை நினைப்பது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் நினைத்துப் பார்க்க வேண்டும். மலாயாவின் தோட்டத் தமிழர்கள் ஏன் அந்தப் படையில் சேர்ந்தார்கள்? பேச்சு ஒரு காரணம், சந்தேகமில்லை. ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமல் போனது இன்னொரு காரணம். முதல்முறையாக ஒருவர் 'வாருங்கள்' என்று மரியாதையாகக் கூப்பிட்டது ஒரு காரணமாக இருந்திருக்கும். ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. இந்த நுண்ணிய நாட்டங்களைக் கூட்டாமல் இந்திய தேசிய ராணுவத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இங்கே டால்ஸ்டாயின் கணக்கு அருமையாக வேலை செய்கிறது.

இந்தப் போரைத் தமிழில் எழுதியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். 1938-இல் இந்தோனேசியாவின் மெடானுக்கு வேலைக்குப் போய், போருக்குப் பின் ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல்கள், 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி'. 1972-இல் வெளிவந்த இரண்டாவது நாவலைத் தமிழின் 'போரும் வாழ்வும்' என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டிவிட்டு ஒரு 'ஆனால்' போடுவேன்.

ஆனால், டால்ஸ்டாயின் ஆட்கள் போரிடுவது தங்கள் மண்ணில், தங்கள் போரை. சிங்காரத்தின் பாண்டியன் மெடானில் வட்டிக்கடை வேலையாள். ஜப்பானியன் வருவதும் டச்சுக்காரன் போவதும் அவன் கேட்டு நடக்கவில்லை. பினாங்குக்குத் தோணியில் போகிறான், புயலில் சிக்குகிறான், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், கடைசியில் இந்தோனேசியர்களின் விடுதலைப் போரில் போய் நிற்கிறான். ஒரு போரும் அவன் ஊருக்கானது இல்லை. அவன் ஊர் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. போரின் நடுவில் மதுரைத் தெருக்களும் சின்னமங்கலமும் பெயர் பெயராக, கடை கடையாக வந்துகொண்டே இருக்கின்றன. டால்ஸ்டாயின் முடிவுரையில் வீடு இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள், நதாஷா பருத்துவிட்டாள். பாண்டியனுக்கு முடிவுரை கிடையாது. அவன் திரும்புவதில்லை.

மொழியிலும் நேரெதிர். டால்ஸ்டாயின் பிரெஞ்சு ஆட்களைப் பிரிக்கிறது. சிங்காரத்தின் தமிழுக்குள் தாராளமாக வந்து விழும் மலாய்ச் சொற்கள் சந்தையின் சொற்கள். கப்பலில் புதிதாக வந்திறங்கிய பெட்டியடிப் பையன் பிழைக்கக் கற்றுக்கொள்ளும் முதல் பாடம். தேக்காவில் 'பசார்', 'கம்பம்' என்று நாம் யோசிக்காமல் சொல்கிறோமே, அந்தத் தமிழுக்கு இலக்கிய மரியாதை வாங்கித் தந்தவர் அவர்தான். மதுக்கடையில் உட்கார்ந்து நம் பழம்பெருமைகளைக் கிழித்துத் தொங்கவிடும் பக்கங்களும் உண்டு. சிலருக்கு அது நாவலைத் தொய்வாக்குகிறது. எனக்கு அவை டால்ஸ்டாயின் வரலாற்றுப் பிரசங்கங்களின் இடத்தில் இருப்பவை. வித்தியாசம், டால்ஸ்டாய் தனியாகப் பேசுகிறார், சிங்காரம் நாலு பேரைக் குடிக்கவைத்துப் பேசவிடுகிறார்.

சிங்காரத்தின் கணக்கிலும் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். அவர் கண் பட்டணத்துக் கடைத்தெருவில், ராணுவ முகாமில், கடலில் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்த ஆண்களின் உலகம் அது. பெண்கள் பெரும்பாலும் அந்த ஆண்களின் ஞாபகமாகவோ ஆசையாகவோதான் வருகிறார்கள். தோட்டத்திலிருந்து ரயில் பாதைக்குப் போனவர்கள் நாவலின் மையத்தில் இல்லை.

5

தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனைகளும் சந்தித்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் அதிகமானோர் அதில் வேலை செய்தார்கள். சுமார் 13,000 பேர் இறந்தார்கள். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசையாகக் கற்கள் இருக்கின்றன. நம் கிராஞ்சி நினைவகச் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உடல் கிடைக்காத வீரர்களுக்கும் பெயர் உண்டு, அவர்களில் இந்தியப் பெயர்கள் ஏராளம்.

ரயில் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களோ கைதிகளைவிடப் பல மடங்கு. தமிழர்கள், பர்மியர்கள், ஜாவானியர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள். இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்று ஒரு மதிப்பீடு. இந்த எண்ணை ஒரு பொறியாளன் கண்ணோடு பாருங்கள். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே 20,000 வித்தியாசம். இறந்த கைதிகளின் மொத்த எண்ணிக்கையைவிட இந்தப் பிழை வரம்பே பெரியது. கைதிகளை ஆள் ஆளாகத் தெரியும். கூலிகளை ஆயிரம் ஆயிரமாகத்தான் தெரியும்.

இந்த இடத்தை எழுத வந்தவை மலேசியத் தமிழ் நாவல்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்'. வாக்கியத்துக்கு வாக்கியம் சிங்காரத்தோடு வைத்துப் பார்த்தால் இவை எளிய நாவல்கள்தான். நானும் ஒரு காலத்தில் 'ஆவணம், கலை இல்லை' என்று ஒதுக்கியவன். இப்போது அந்தத் தீர்ப்பை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. உலகின் மிகப் பெரிய போர் நாவல் கார்ப்புக்குக் கொடுத்தது சில பக்கங்கள். இந்த நாவல்கள் கார்ப்பின் வீட்டுத் திண்ணையிலிருந்து கதையைத் தொடங்குகின்றன. தோட்டத்து மக்களை, அவர்கள் பேச்சோடும் பேரோடும் நடுவில் வைக்கின்றன. கலை உயரம் ஓர் அளவுகோல். யாரை நடுவில் வைக்கிறோம் என்பதும் ஓர் அளவுகோல்தான் என்று போகுச்சாரோவோ எனக்குக் கற்றுக்கொடுத்தது.

6

2020-க்குத் திரும்புகிறேன். நான் நிகோலாய்க்கு விசில் அடித்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில் சாயங்காலம் கிருமித்தொற்று எண்ணிக்கை வரும். இரண்டு வரிசை. சமூகத்தில் இத்தனை, தங்குவிடுதிகளில் இத்தனை. நோய் பரவும் விதம் வேறு வேறு, அதனால் தனித்தனியாகக் காட்டுகிறோம் என்பதற்கு மருத்துவக் காரணம் இருக்கலாம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் நாங்கள் என்ன செய்தோம்? விடுதி எண் நூற்றுக்கணக்கில் போகும்போது முதல் வரிசையைப் பார்த்து "அப்பாடா, நமக்குக் குறைஞ்சிருக்கு" என்றோம். 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கியிருந்த இடம் அந்த 'நமக்கு' என்ற சொல்லில் சேரவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள். ஒரே தன்மையுள்ள நாட்டங்கள் என்று டால்ஸ்டாய் போட்ட நிபந்தனையை நாங்கள் சோபாவில் உட்கார்ந்தபடியே நிறைவேற்றினோம்.

வேலையிலும் அதே கதை. சைட்டில் தினமும் நாள் அறிக்கை எழுதுவது புதிதாகச் சேர்ந்தவனின் வேலை. மேலாளர், பொறியாளர், பாதுகாப்பு அதிகாரி என்றால் பெயர். அதற்குக் கீழே கம்பி கட்டுபவர் 14, பலகை அடிப்பவர் 9, பொதுவேலை 6. படிவமே அப்படித்தான். கம்பி கட்டுபவர் 14-இல் ஒருவர்தான் என்னிடம் கார்ப்பின் பேரைக் கேட்டவர். நான் படிவத்தை மாற்றிவிட்டேன் என்று எழுதினால் அது நிகோலாய் தன் சண்டையை விவரித்த மாதிரி ஆகிவிடும். மாற்றவில்லை. இன்றும் எண்தான் போடுகிறேன்.

இரண்டாம் வாசிப்பில் என்னை அதிகம் தொந்தரவு செய்த இடம் கடைசியில் வருகிறது. பிளாட்டோன் கரத்தாயெவ் ஞாபகம் இருக்கிறதா? பியர் கைதியாக இருக்கும்போது சந்திக்கும் குடியானவப் படைவீரன். உருண்டையான, யாரையும் எதிர்க்காத, பழமொழி பேசும் மனிதன். பியரின் வாழ்க்கையையே மாற்றுகிறவன். நாவல் மனதார நேசிக்கும் குடியானவன் இவன்தான், கார்ப் இல்லை. பிரெஞ்சுப் படை பின்வாங்கும் வழியில் காய்ச்சலால் நடக்க முடியாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறான். பியரை ஒரு பார்வை பார்க்கிறான். பியர் பார்க்காத மாதிரி நகர்ந்துவிடுகிறான். பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அந்த நொடியில் பியர் செய்வது என்ன? ஸ்மொலென்ஸ்க் போய்ச் சேர இன்னும் எத்தனை கட்டம் நடக்க வேண்டும் என்று முன்பு போட்டுக்கொண்டிருந்த கணக்கு பாதியில் நின்றது ஞாபகம் வர, மறுபடி எண்ணத் தொடங்குகிறான்.

கூட்டினால் வரலாறு புரியும் என்று சொன்ன அதே நாவலில், திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காக ஒருவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். டால்ஸ்டாய் இரண்டையும் எழுதினார், ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கவில்லை. அவருடைய கோட்பாட்டை ஏற்கலாம், மறுக்கலாம். எனக்கு இந்த நாவல் முக்கியமாக இருப்பது அந்தக் கோட்பாடு உதைக்கும் இடங்களையும் அவர் மறைக்காமல் விட்டுவைத்ததால்தான்.

படிக்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆஸ்டர்லிட்ஸ் வானத்தை எப்படியும் பார்ப்பீர்கள், அதை யாரும் தவறவிட முடியாது. போகுச்சாரோவோ வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். முடித்த கையோடு 'புயலிலே ஒரு தோணி', அதற்கடுத்து 'சயாம் மரண ரயில்', இந்த வரிசையில் படித்துப் பாருங்கள். மூன்றிலும் பேர் இல்லாமல் போகிறவர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். நான் அந்தத் தாளை மூன்று தடவை தொடங்கி, இன்னும் முடிக்கவில்லை.